டீச்சர் பதில்கள்: விண்வெளி நாவலில் இங்கிலீஷ் படிக்கலாமா?

போன மாதம் ஒரு பிள்ளைக்குப் பதில் எழுதும்போது, "சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு நல்ல அறிவியல் புனைகதை ஒன்றை எடுத்துப் படி, இங்கிலீஷ் சொல் தானாக வந்து ஒட்டும்" என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், தபால் பை நிறைய வந்த கடிதங்களில் அதே பேச்சு. சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதையும் தொடவில்லை. 'வெர்' (were) என்ற இங்கிலீஷ் சொல்லைப் பற்றிய இலக்கணச் சந்தேகக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தின் வழக்கப்படி ஊர்ப்பெயர் மட்டும்தான், ஆள் பெயர் கிடையாது.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் பார்த்து, எல்லோரும் புகழ்கிற 'டியூன்' நாவலை வாங்கினேன். இருபது பக்கத்துக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பாதிச் சொல் அகராதியிலேயே இல்லை. என் இங்கிலீஷ் அவ்வளவு மோசமா?
— பொறியியல் மாணவர், வள்ளியூர்

உங்கள் இங்கிலீஷுக்கு ஒன்றும் இல்லை தம்பி, எடுத்த புத்தகம் அப்படி. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் அந்த நாவல் 1965-இல் வந்தது. கடைசியில் ஒரு சொற்பொருள் பட்டியலே உண்டு, பார்த்தீர்களா? அரபியிலிருந்து எடுத்ததும் தானே உண்டாக்கியதுமாக அவர் கொட்டி வைத்திருக்கிற சொற்கள் அமெரிக்காக்காரருக்கும் புரியாது. அவரும் பின்பக்கத்தைப் புரட்டிப் புரட்டித்தான் படித்தாக வேண்டும்.

அறிவியல் புனைகதையில் ஒரு சௌகரியம் உண்டு. தான் புதிதாக உண்டாக்கிய சொல்லை உலகத்தில் எவரும் முன்னே பின்னே கேட்டிருக்க மாட்டார்கள் என்று எழுத்தாளருக்கே தெரியும். ஆகவே கதைக்குள்ளேயே அதைப் பழக்கிவிடுவார். ஒருவன் அந்தக் கருவியைக் கையில் எடுப்பான், பக்கத்தில் நிற்பவன் அது என்ன என்று கேட்பான், இரண்டு பக்கம் கழித்து அது பழுதாகும். அந்த இடத்தில் லண்டன்காரரும் வள்ளியூர்க்காரரும் ஒரே பெஞ்சு. உங்களைத் தடுக்கி விட்டது இந்தச் சொற்கள் இல்லை, இவற்றுக்கு நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சாதாரண வினைச்சொற்கள் என்பது என் சந்தேகம். தோளைக் குலுக்குவது, சட்டென்று முகம் சுளிப்பது, பேச்சை மாற்றுவது, இதற்கெல்லாம் இங்கிலீஷில் இருக்கிற சொற்கள். அவற்றை எந்த எழுத்தாளரும் விளக்கமாட்டார். உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

டியூனை மூடி வையுங்கள். விற்றுவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும். இப்போதைக்கு ஐசக் அசிமோவ். 1941-இல் வந்த 'நைட்ஃபால்' என்ற அவருடைய கதையை எடுங்கள், நாவல்கூட இல்லை. ஆறு சூரியன் உள்ள ஒரு கிரகம். அங்கே இருட்டு என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. 2049 வருஷத்துக்கு ஒரு தடவைதான் ராத்திரி வரும், அந்த ராத்திரி இன்றைக்கு வரப்போகிறது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்து நச்சரிக்கிறார், விஞ்ஞானிகள் எரிச்சலோடு விளக்குகிறார்கள். நமக்கு எழுகிற சந்தேகத்தையெல்லாம் அந்த ஆளே கேட்டுவிடுவார். அசிமோவ் உயிர்வேதியியல் பேராசிரியர். அலங்காரம் இல்லாமல் நேர்வாக்கியமாகத்தான் எழுதுவார். அவரை நடை தெரியாதவர் என்று திட்டுகிற விமர்சகர்கள் உண்டு. திட்டட்டும், நம்மைப் போல இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கு அந்த நடையில்லாத நடைதான் வேண்டும். 'ரோபாட்டிக்ஸ்' என்ற சொல்லை முதலில் அச்சில் போட்டவரும் இவர்தான். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல் என்று நினைத்து எழுதினாராம்!

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கிறேன். வேலை சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் எல்லாம் அத்துப்படி. மேனுவல் படிப்பேன். ஆனால் கதைப் புத்தகம் எடுத்தால் ராக்கெட் வருகிற பக்கம் புரிகிறது, இரண்டு பேர் பேசிக்கொள்கிற பக்கம் புரியவில்லை. இது என்ன கூத்து?
— வாசகர், பணகுடி

கூத்தே இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். நீங்கள் எழுதிவிட்டீர்கள், மற்றவர்கள் வெளியே சொல்வதில்லை.

திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு வீட்டுப் பேச்சு. வால்வு, நாஸில், கிரையோஜெனிக் எல்லாம் நம் பக்கத்து டீக்கடையிலேயே அடிபடுகிற சொற்கள். இவையெல்லாம் பெயர்ச்சொற்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், முடிந்தது. இங்கிலீஷ் கதையின் உயிர் அங்கே இல்லை. 'புட்', 'கெட்', 'டேக்', 'கிவ்' என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொற்கள் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவே', 'வித்' என்று ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொண்டு வேறு வேறு அர்த்தத்தில் வருகின்றனவே, அங்கேதான் ஆள் விழுகிறான். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. இதில் 'வைப்பது' எங்கே இருக்கிறது, 'மேலே' எங்கே இருக்கிறது? மேனுவலில் இது வராது. மனிதர்கள் வாய் திறந்தால் இதுதான் வரும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எச். ஜி. வெல்ஸ் 1898-இல் புத்தகமாக்கிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. செவ்வாயிலிருந்து ஓர் உருளை வந்து, வோக்கிங் என்ற ஊருக்கு வெளியே உள்ள புறம்போக்கு வெளியில் விழுந்து பள்ளமாகப் பதிந்து கிடக்கிறது. இதை எழுதிய சமயத்தில் வெல்ஸ் அந்த ஊரில்தான் குடியிருந்தார், சைக்கிளில் சுற்றித் திரிந்த இடங்களையே கதையில் போட்டு நொறுக்கினார். நம் வ.உ.சி. மைதானத்தில் ஒன்று வந்து விழுந்தால் பாளையங்கோட்டை எப்படித் திரண்டு வருமோ, அப்படிக் கூட்டம் முண்டியடிக்கிறது. நெரிசலில் ஒரு கடைப்பையனைக் குழிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவன் அந்த உருளையின் மேலேயே நின்றுகொண்டு எப்படியாவது கரையேறப் பார்க்கிறான். அதே நேரத்தில் உருளையின் மூடி உள்ளேயிருந்து மெல்லத் திருகிக்கொண்டு வெளியே வருகிறது.

அவன் கரையேறப் பார்க்கிறதற்கு வெல்ஸ் போட்டிருக்கும் சொல் 'ஸ்க்ராம்பிள்'. உங்களுக்கு இது ஹோட்டல் முட்டையாக மட்டும் தெரிந்திருக்கும். காட்சியைப் படித்துவிட்டால் கைகாலை ஊன்றி, மண் சரியச் சரிய, பதறிக்கொண்டு ஏறுகிற அந்தப் பையன்தான் அந்தச் சொல். பிறகு அதை மறக்க முடியாது. மூடி திருகி வருகிற இடத்தில் 'ஸ்க்ரூ' வருகிறது, ஆனால் அங்கே அது வினை. ஆணியும் திருகாணியுமாகத் தெரிந்த சொல் வேலை செய்கிறதைப் பார்ப்பீர்கள்.

ஆக, உங்களைப் போன்ற தொழில்காரர்கள் படிக்கும்போது பென்சிலை வினைச்சொல்லுக்கு மட்டும் எடுங்கள். பெயர்ச்சொல்லில் நீங்கள் எனக்கே பாடம் எடுக்கலாம்.

ஒரு நாவல் படிக்க எத்தனை வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள். நான் வியாபாரி, கணக்கு இல்லாமல் எதிலும் இறங்கமாட்டேன்.
— ஜவுளிக்கடைக்காரர், சங்கரன்கோவில்

கணக்கு இருக்கிறது அண்ணாச்சி. நியூசிலாந்தில் பால் நேஷன் என்று ஒரு பேராசிரியர், சொல் எண்ணுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். யார் துணையும் இல்லாமல் ஒரு புத்தகத்தைப் படித்து அனுபவிக்க, அதில் வருகிற சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆய்வுகளில் வருகிற அளவு. சாதாரண இங்கிலீஷ் நாவலில் அந்த 98-ஐ எட்ட 8,000-லிருந்து 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்றால் படி, படித்தான், படிப்பு, படிப்பாளி எல்லாம் சேர்ந்து ஒன்று.

எண்ணைப் பார்த்து ஷட்டரை இறக்கிவிடாதீர்கள். இதைக் கடைக்கணக்காக மாற்றித் தருகிறேன். நூற்றுக்கு 98 என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். நாவலில் ஒரு பக்கம் சுமார் முந்நூறு சொல். அப்படியானால் பக்கத்துக்கு ஆறு. புத்தகத்தை வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். ஒரு கை முடிந்து இன்னொரு விரல் வரை சரி. இரண்டு கையும் தீர்ந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு எடுங்கள். முதல் பக்கத்தில் செய்யாதீர்கள். முதல் பக்கத்தில் எல்லா எழுத்தாளரும் கொஞ்சம் வேஷம் கட்டுவார்கள்.

எந்தப் புத்தகமும் விரலுக்குள் அடங்கவில்லையா? சுருக்கி எளிமையாக்கிய பதிப்புகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு புக்வர்ம்ஸ் வரிசையில் முதல் படி 400 சொல், ஆறாவது படி 2,500 சொல். வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன் கதைகளெல்லாம் இப்படிப் படிப்படியாக வெவ்வேறு பதிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. குழந்தைப் புத்தகம் போல இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்து படித்தால் கணக்குப் புத்தகம் என்றுதான் நினைப்பார்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிடுகிற கதையை போனில் வைத்துப் படிக்கிறான். அதில் கெட்ட வார்த்தை இருக்கிறதாம். பரீட்சைக்கு இது உதவுமா டீச்சர், இல்லை போனைப் பிடுங்கிவிடவா?
— ஒரு தாய், மேலப்பாளையம்

கெட்ட வார்த்தை இருக்கிறது தங்கச்சி. ஆண்டி வியர் எழுதிய 'தி மார்ஷியன்' நாவல் ஆரம்பிப்பதே அதில்தான். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கென்றே அந்தச் சொற்களை நீக்கி ஒரு வகுப்பறைப் பதிப்பு வந்திருக்கிறது. அதை வாங்கிக் கொடுங்கள்.

புத்தகம் நல்ல புத்தகம். அவர் அதை முதலில் தன்னுடைய இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்கள் கேட்டதால் 2011-இல் மின்நூலாக்கினார், 2014-இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது. பெரும்பகுதி நாட்குறிப்பு. ஒரே ஆள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். இன்றைக்கு என்ன உடைந்தது, அதை எப்படி ஒட்டினேன், தண்ணீர் எவ்வளவு மிச்சம். பேச்சு இங்கிலீஷ் கற்க இதைவிடத் தோதான அமைப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

பரீட்சைக்கு? மனசறிந்து சொல்கிறேன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இது நேரடியாக ஒரு மார்க்கும் தராது. அங்கே கேட்பது பாடப்புத்தகம். கண்ணில் படாத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிற இடத்தில் மட்டும் உங்கள் பிள்ளை பயப்படமாட்டான். மார்ச் வரை பாடப்புத்தகத்துக்கு முதல் இடம், உருளைக்கிழங்குக்கு இரண்டாவது இடம். பிடுங்க வேண்டாம்.

நோட்டுப் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் அர்த்தம் எழுதிக்கொண்டு படிக்கிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. கதையும் மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?
— கல்லூரி மாணவி, தென்காசி

நோட்டை மூடு, முதலில்.

என்னிடம் படித்த பிள்ளைகளிடம் இந்த வியாதியை நிறையப் பார்த்திருக்கிறேன். நோட்டு அழகாக இருக்கும், சிவப்பு மையில் கோடு, பச்சை மையில் அர்த்தம். கேட்டால் ஒன்றும் நிற்காது. ஒரு பயிற்சி வகுப்பில் தினம் ஐம்பது சொல் என்று அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள் என்று ஒரு பிள்ளை தாளைக் கொண்டுவந்து காட்டினாள். 'ஏ'யில் தொடங்கி வரிசையாக. எந்த மனுஷன் 'ஏ' வரிசையில் பேசுகிறான்?

நான் சொல்லிக்கொடுப்பது புள்ளி வைக்கும் முறை. பென்சிலை எடுத்துக்கொள். தெரியாத சொல் வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போ. அகராதி பார்க்காதே. அந்தச் சொல் இல்லாமலே கதை ஓடுகிறதா என்று பார். பெரும்பாலும் ஓடும். அதே சொல் இன்னொரு பக்கத்தில் வந்து, 'இதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதே' என்று தோன்றினால் அங்கே இரண்டு புள்ளி. மூன்றாவது தடவையும் எதிரே வந்து நின்றால் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளிச் சொல்தான் உனக்கு வேண்டியது. அது திரும்பத் திரும்ப வருகிற சொல், இன்னும் ஆயிரம் புத்தகத்தில் வரும். ராத்திரி உட்கார்ந்து மூன்று புள்ளிச் சொற்களுக்கு மட்டும் அகராதி எடு. ஒரு புள்ளியோடு நின்றுபோன சொல்லைச் சவத்தை விட்டுத் தள்ளு.

அறிவியல் புனைகதையை நான் சிபாரிசு செய்யக் காரணமே இங்கேதான் இருக்கிறது. ஒரு விண்கலத்துக்குள் முந்நூறு பக்கம் ஓடுகிற கதையில் அதே கதவு, அதே காற்று, அதே கசிவு, அதே அழுத்தம் என்று சொற்கள் சுற்றிச் சுற்றி வந்தே தீரும். கதை அந்த நாலு சுவரை விட்டு வெளியே போக முடியாதே! நாளிதழில் அப்படி வராது. இன்றைக்குத் தேர்தல், நாளைக்குக் கிரிக்கெட், சொல் எல்லாம் ஒரு புள்ளியோடு போய்விடும்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். லிப்கோ வீட்டில் இருந்தால் இருக்கட்டும், தமிழ் அர்த்தம் சட்டென்று பார்க்க உதவும். கூடவே பிற மொழிக்காரர்களுக்கென்று செய்த இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதி ஒன்று வேண்டும். ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி என்பவர் தொடங்கி வைத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒன்று. 1978-இல் வந்த லாங்மேன் இன்னொன்று. அதில் எல்லா விளக்கமும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்த 2,000 தெரிந்தால் மிச்சத்துக்கு அதுவே வழிகாட்டும். நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் சொல்லைத் தனியாக எழுதாதே, அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுது.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபதை நெருங்குகிறது. இனிமேல் புதுச் சொல் மண்டையில் ஏறுமா? அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். இலங்கை சம்பந்தமான விண்வெளிக் கதை ஏதாவது உண்டா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

ஏறும் சார். ஆட்கள் பெயர் மறந்துபோகும், சாவியை வைத்த இடம் மறந்துபோகும், சொல்லறிவு மட்டும் வயதான பிறகும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பது மனவியலில் பழைய செய்தி.

நீங்கள் கேட்ட கதை இருக்கிறது, அதுவும் முதல் தரமானது. ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-இல் கொழும்பிலேயே இறந்தவர். அவருடைய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' 1979-இல் வந்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிற எஞ்சினியரின் கதை. சிகிரியாக் குன்றையும் சிவனொளிபாத மலையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள், கீழிருந்து பார்க்கிறவருக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து கம்பியை இறக்கினால்தான் மின்தூக்கி. அப்படிப்பட்ட செயற்கைக்கோள்களைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவரும் இவர்தான். ஆனால் இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே? அதற்கென்ன, தீவையே தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார்! பெயரையும் மாற்றி 'டாப்ரபேன்' என்றார். அது பழைய கிரேக்கர்கள் இலங்கையைச் சொன்ன பெயர். தாம்பபண்ணி என்ற பழம்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் வீட்டுக்கு எதிரே ஓடுகிற தாமிரபரணி ஆற்றின் பெயரும் அதுவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளார்க்கின் வாக்கியம் தெளிவாக இருக்கும், கொஞ்சம் நீளும். வங்கிச் சுற்றறிக்கை படித்த கண்ணுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. எழுத்து சிறிதாக இருந்தால் மின்நூலாக எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் இல்லாத அறிவியல் கதையா? சுஜாதா இல்லையா? டைம் வேஸ்ட் பண்ணி இங்கிலீஷ்காரன் கதையைப் படிக்கச் சொல்வது அடிமைப் புத்தி.
— வாசகர், பேட்டை

சுஜாதாவைப் படிக்காதே என்று நான் எங்கே எழுதினேன்? 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு வாரம் முழுக்கக் காத்துக்கிடந்த ஆட்களில் நானும் ஒருத்தி. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஞ்சினியர் என்பதால் அவர் இயந்திரத்தைப் பற்றி எழுதினால் இயந்திரம் இயங்கும்.

சொல்லப்போனால் தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷுக்குப் போவதுதான் சுலபமான பாதை. படிக்கும்போது வருகிற திணறலில் பாதி மொழியால் வருவதில்லை, விஷயம் புதிது என்பதால் வருவது. காலப்பயணம் என்ற யோசனை தமிழில் ஏற்கெனவே பழகிவிட்டால், வெல்ஸின் 'தி டைம் மெஷின்' இங்கிலீஷில் பாதி தூரம் தானே ஓடும். 1895-இல் வந்தது, சின்னப் புத்தகம். ஆரம்பத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பெரிய மனிதர்கள் உட்கார்ந்து நாலாவது பரிமாணம் பற்றி அளப்பார்கள். அதை மேலோட்டமாகத் தாண்டிவிடலாம், பாவம் இல்லை. அவர் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து கி.பி. 8,02,701-க்குப் போன பிறகு புத்தகத்தை நீங்களே கீழே வைக்கமாட்டீர்கள்.

அடிமைப் புத்தி என்று எழுதிய கடிதத்திலேயே 'டைம் வேஸ்ட்' இருக்கிறது வே. சும்மா சொன்னேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது. அதிலிருந்து விண்வெளி ஆசை வந்துவிட்டது. காசு செலவழிக்காமல் படிக்க வழி உண்டா? ஜூல்ஸ் வெர்ன் இலவசமாகக் கிடைக்கிறார் என்றார்கள்.
— பிளஸ் டூ மாணவர், உடன்குடி

கிடைக்கிறார், ஆனால் பார்த்து எடு. வெர்ன் எழுதியது பிரெஞ்சில். 'ட்வென்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ' என்ற கடலடிக் கப்பல் கதைக்கு 1870-களில் வந்த முதல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கணிசமான பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, அறிவியல் விவரங்களிலும் கோட்டை விட்டது. பல மலிவுப் பதிப்புகள் இன்னும் அதையே அச்சடிக்கின்றன. ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச நூலகத்தில் எஃப். பி. வால்டர் என்பவரின் பிற்கால மொழிபெயர்ப்பும் இருக்கிறது, அதை எடு. இங்கிலீஷும் இன்றைக்குப் பேசுகிற இங்கிலீஷாக இருக்கும். அப்புறம், அந்தக் கப்பலின் தலைவன் நீமோ யார் என்று தெரியுமா? இன்னொரு நாவலில் வெர்ன் உடைத்துச் சொல்கிறார்: இந்திய இளவரசன், பந்தேல்கண்டைச் சேர்ந்தவன்.

வெல்ஸும் குட்டன்பர்க்கில் இலவசம். அசிமோவ், கிளார்க் எல்லாம் பதிப்புரிமை உள்ளவர்கள். பழைய புத்தகக் கடையிலும் நூலகத்திலும் தேடு. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு வரும்போது இங்கிலீஷ் அலமாரியில் நின்று தேடினால் ஏதாவது மாட்டும்.

உன் ஊர்த் தளத்தைப் பற்றி ஒன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு அனுப்புகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே போய்விடாமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீண். உங்கள் ஊரிலிருந்து நேரே தெற்கே விடலாம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் வருவதை முதலில் படி, அதே செய்தியை இங்கிலீஷ் பத்திரிகையில் அன்றைக்கே படி. விஷயம் தெரிந்திருப்பதால் சொல் ஒவ்வொன்றும் தானே பிடிபடும்.

படிக்கிறேன், புரிகிறது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உச்சரிப்புத் தெரியவில்லை.
— வாசகி, அம்பாசமுத்திரம்

லிப்ரிவாக்ஸ் என்ற இடத்தில் பதிப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிப்பதிவு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், வெல்ஸ் உட்பட. வாசிப்பவர் ஆளுக்கு ஒரு மாதிரி. பிடிக்காவிட்டால் வேறு குரலைத் தேடலாம். முதலில் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் அச்சைத் தொடருங்கள். அடுத்த நாள் அதே பக்கத்தை நீங்கள் வாசியுங்கள். அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

புத்தகம் எதற்கு, சப்டைட்டிலோடு விண்வெளிப் படம் பார்த்தால் போதாதா?
— வாசகர், திசையன்விளை

படத்தில் வெடிக்கிறபோது யாரும் பேசுவதில்லை. நாவலில் வெடித்தால் அதற்கு இரண்டு பக்கம். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று மாதம் படித்தால் சொல் சேர்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஆட்டோ ஓட்டுநர், நாங்குநேரி

தென்காசிப் பிள்ளைக்குச் சொன்ன புள்ளி முறையைப் பின்பற்றுங்கள். புத்தகம் முடிந்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அன்றைக்கு வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்குப் புள்ளி வைத்தோம் என்றே புரியாத இடங்கள் நிறைய இருந்தால் சேர்ந்திருக்கிறது. அதே சொல் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றால், அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை எடுங்கள், ஆளை மாற்ற வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சொற்களை வைத்துத்தான் காலம் தள்ளுவார்கள், இரண்டாவது புத்தகத்தில் அந்தச் சொற்கள் மறுபடி வரும். நூலகப் புத்தகமாக இருந்தால் புள்ளியைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நூலகர் எனக்குக் கடிதம் எழுதுவார்.

அடுத்த மாதத்துக்கான கேள்விகள் 15-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். 'வெர்' சந்தேகக்காரர்களுக்கு அப்போது முதல் இடம்.